நெட்வொர்க் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது: கம்பியிலிருந்தா, பிரவுசரிலிருந்தா?

தேயிலைச்சரிவு, குன்னூர்

வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகக் கணினி வலையமைப்புப் பாடம் எடுத்து வருகிறேன். சென்ற பருவத்தில் நடந்த ஒன்றை நினைக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆய்வகத்தில் இணையம் நின்றுவிட்டது. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். வலையமைப்பின் வேலையைக் கம்பி முதல் பயன்பாடு வரை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் அடுக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். “பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடியுங்கள்” என்றேன். யாரும் இருக்கையை விட்டு எழவில்லை. நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “இது எத்தனையாவது அடுக்கு என்று மட்டும் சொல்லுங்கள் மேடம், அதன் பணிகளை எழுதிவிடுகிறேன்.” கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் செருகியிருந்த கேபிளின் கிளிப் உடைந்து, முனை பாதி வெளியே வந்திருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

இந்தப் பருவத்தில் முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் திறக்கவில்லை. முதல் வாரம் ஆளுக்கு ஒரு கேபிள் கிரிம்ப் செய்தார்கள், அதாவது இழைகளை இணைப்பு முனைக்குள் நுழைத்து அழுத்திப் பொருத்தினார்கள். ஜூலை மாதக் காலைக் குளிரில் விரல் மரத்துப்போய், எட்டு இழைகளையும் நேராகப் பிடித்து முனைக்குள் நுழைப்பதற்குள் சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியைப் பிரித்து அதன் நடுவில் நீலத்தை ஏன் வைக்க வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டான். நடு இரண்டு ஊசிகள் பழைய தொலைபேசி இணைப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படி வகுத்தார்கள் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. நான்கு ஜோடிகளையும் அடுத்தடுத்து வரிசையாக வைத்து, முப்பது மீட்டர் கேபிளின் இரு முனையையும் அப்படியே கிரிம்ப் செய்துவிட்டான். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பியதும் சுவிட்சின் பிழைக் கணக்கு ஏறத் தொடங்கியது. சேர்ந்து ஒரே சமிக்ஞையைச் சுமக்க வேண்டிய 3, 6 ஊசிகளில் வெவ்வேறு ஜோடியின் இழைகள் வந்து உட்கார்ந்துவிட்டதால், குறுக்கீட்டுக்கு எதிராக முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போய்விட்டது. ஜோடியை ஏன் முறுக்குகிறார்கள் என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவன் முகத்தில் அந்தத் தெளிவு வந்திருக்காது.

இரண்டாம் வாரம் டார்ச் விளக்கை வைத்து எதிர்ச் சரிவுக்குச் செய்தி அனுப்பினார்கள். அதை என் மாணவரே இங்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சக ஆசிரியர்கள் கேட்பது: “வினாத்தாளில் கிரிம்பிங் வருமா? டார்ச் வருமா?” உங்களில் கற்பிப்பவர்களும் களத்தில் வேலை செய்பவர்களும் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

கோத்தகிரி கேபிள்

மேடம், நான் பட்டம் படித்தவன் அல்ல. பதினான்கு ஆண்டுகளாகக் கோத்தகிரி, கட்டபெட்டு பக்கம் இணைப்புக் கொடுக்கும் வேலை. எங்கள் தொழிலில் அடுக்கு என்பது பழுது தேடும் வரிசை. முதலில் போர்ட்டில் விளக்கு எரிகிறதா, பிறகு ஐபி முகவரி வந்திருக்கிறதா, வெளியே போகும் வாசலான கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறதா, வெளியே போகிறதா, கடைசியாகத் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ். இந்த வரிசையை விட்டுத் தாவியவன் மழையில் இரண்டு முறை கம்பம் ஏற வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுக்குகள் ஒன்றுக்கொன்று சுவர் வைத்தது போல இருப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஒரு தங்கும் விடுதியில் விநோதமான புகார் வந்தது. சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. மெயிலில் தலைப்பு வருகிறது, படம் வருவதில்லை. நான் சொன்ன வரிசை முழுவதும் சரியாக இருந்தது. அரை நாள் போய்விட்டது. பிறகு, துண்டாக்கக் கூடாது என்ற குறியைப் போட்டுப் பிங்கின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 1464 பைட் வரை பதில் வந்தது. 1465 போகவில்லை. 1464-உடன் பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையின் தலைப்பு (தரவுக்கு முன்னால் ஒட்டும் குறிப்பு) 8, ஐபி தலைப்பு 20 சேர்த்தால் 1492. ஈதர்நெட் என்ற கம்பி இணைப்பு முறை 1500 தாங்கும். நடுவில், வாடிக்கையாளரை இணைய நிறுவனத்தோடு இணைக்கும் பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்துச் சர்வர் 1500 வரை அனுப்பலாம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டது. ரூட்டரில், தரவைத் துண்டுகளாக்கித் தவறாமல் சேர்ப்பிக்கும் டிசிபி நெறிமுறையின் துண்டு அளவை 1452 என்று கட்டினேன். உடனே எல்லாத் தளமும் திறந்தது. கீழே இரண்டாம் அடுக்கில் எட்டுப் பைட் போனதற்கு மேலே ஏழாம் அடுக்கில் படம் வரவில்லை. இதை ஒரு செய்முறையாக வையுங்கள் மேடம், இரண்டு பழைய கணினி போதும்.

கம்பியோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டர் இணைப்பு என்றால், எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி ஐந்து மீட்டர் அளவுக்குக் காலியிடம் வேண்டும். கோடையில் மாட்டிய இணைப்பு மழைக்காலத்தில் தள்ளாடும்போது எல்லோரும் மூடுபனியைத் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை குற்றவாளி நனைந்த சில்வர் ஓக் இலைதான்.

கூடலூர்க்காரன்

ஊர் கூடலூர், இப்போது கோவையில் ஆசிரியர். மேடம், உங்கள் முயற்சியை மதிக்கிறேன். ஆனாலும் கம்பியிலிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாணவனுக்குப் பழக்கமான இடம் பிரவுசர். அவனை அங்கேயே பிடிக்க வேண்டும். முதல் வகுப்பில் நான், வலையில் போகும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்து ஒரு தளத்தின் பெயரைத் தட்டச் சொல்கிறேன். முதலில் 53-ஆம் போர்ட்டுக்கு (கம்பி செருகும் துளை அல்ல, சேவையைக் குறிக்கும் எண்) ஒரு டிஎன்எஸ் கேள்வி போகிறது. பதில் வந்த பிறகுதான் டிசிபியின் மூன்று பொட்டலங்கள்: வரலாமா, வா, வந்துவிட்டேன். அதன் பிறகே பக்கத்தைக் கேட்கிறது. அடுத்த வகுப்பில் பிரவுசரே இல்லாமல் 80-ஆம் போர்ட்டில் நேரடியாக இணைந்து, வலைப்பக்கத்தைக் கேட்கும் எச்டிடிபி கோரிக்கையைக் கையால் தட்டுகிறார்கள். ஒரு மாணவி இரண்டு வரி அடித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். சர்வரும் காத்திருந்தது. கோரிக்கை முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு வெற்று வரி விட வேண்டும், அதை அவள் விடவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ‘நீ பேசு’ என்று பார்த்துக்கொண்டிருந்தது போல. நெறிமுறை என்றால் என்ன என்று நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள். ஏழு அடுக்குகளை முதலில் வரைந்து வைத்து, அதைப் பார்த்து இணையத்தைக் கட்டினார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-இல் எழுதிய கட்டுரையில் டிசிபியும் ஐபியும் தனித்தனியே இல்லை, எல்லாம் ஒன்றுதான். குரலை அனுப்பிப் பார்த்தபோது, தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்குவதைவிட விட்டுவிடுவதே நல்லது என்று புரிந்தது. 1978-இல் ஐபியைத் தனியே பிரித்தார்கள். 1980-இல், தொலைந்ததை மறுபடி கேட்காத யுடிபி வந்தது, தலைப்பு வெறும் 8 பைட். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் முழுவதும் 1983 ஜனவரி 1-ஆம் தேதி டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. ஓஎஸ்ஐ தர ஆவணம் வெளியானது 1984-இல். தேவை வந்த இடத்தில் வெட்டு விழுந்தது, அந்த வெட்டுத்தான் அடுக்கு. இது தெரிந்தால் மாணவன், இணையத்தில் தனியே இல்லாத ஐந்தாம், ஆறாம் அடுக்குகளைத் தேடி அலைய மாட்டான்.

அருவங்காட்டு மாணவன்

மேடம் சொன்ன டார்ச் செய்முறையில் நான் இருந்தேன். நாங்கள் ஐந்து பேர் கல்லூரி மாடியில். எதிர்ச் சரிவில் ஹட்டிக்கு (படகர் ஊர்) மேலே உள்ள மேட்டில் ஐந்து பேர். இடையில் தேயிலைப் பள்ளம், ஏறக்குறைய 400 மீட்டர். போன் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டுமே விதி.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கியபோதே மகிழ்ச்சியாகிவிட்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. ஐந்து பிட்டில் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1) 32 எண்கள். மிச்சம் இருந்த ஒன்று சொல் இடைவெளிக்கு. தமிழுக்கென்றே அளந்து வைத்தது போல இருந்தது. உயிர்மெய்யைப் பிரித்து அனுப்பினோம். குன்னூர் என்றால் க், உ, ன், ன், ஊ, ர்: ஆறு எழுத்து, முப்பது பிட். அதே சொல், கணினிகளின் எழுத்துக் குறியீடான யுனிகோடில் எட்டுக் குறிகள், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 192 பிட்.

முதல் நாள் நொடிக்கு ஒரு பிட் என்று வைத்தோம். விளக்கு எரிந்தால் 1, அணைந்திருந்தால் 0. இரண்டு பக்கமும் வாயால் நொடி எண்ணினோம். தொடர்ந்து நான்கு பூஜ்யம் வந்தால் அவர்கள் கணக்கில் அது மூன்றாகிவிடும். அவர்களுடைய நொடி எங்கள் நொடியைவிட நீளம். அதனால் நீண்ட ஒளி 1, குறுகிய ஒளி 0 என்று மாற்றினோம். பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஒவ்வொரு பிட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் வரும்படி மான்செஸ்டர் முறையில் அனுப்பியது இதே சிக்கலுக்காகத்தான் என்று மேடம் மறுநாள் சொன்னார்.

இரண்டாம் நாள் மாலை மூடுபனி ஏறியது. ஓர் எழுத்து சரியாக வந்தால் அவர்கள் ஒருமுறை விளக்கடிப்பார்கள். இருபது நொடியில் பதில் இல்லை என்றால் நாங்கள் அதே எழுத்தை மறுபடி அனுப்புவோம். க் போனது. உ போனது. முதல் ன் அனுப்பினோம், பதில் இல்லை. மறுபடி அனுப்பினோம், பதில் வந்தது. இரண்டாவது ன் அனுப்பினோம், அதற்கும் பதில் வந்தது. முடித்துவிட்டுக் கீழே இறங்கி அவர்கள் தாளைப் பார்த்தால், க் உ ன் ன் ன் ஊ ர் என்று இருந்தது. முதல் ன் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் அடித்த பதில் ஒளிதான் பனியில் மறைந்துவிட்டது. மூன்று ன் வந்தால் அதில் எது புதியது, எது பழையதன் மறுபதிப்பு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொல் தெரிந்ததால் நாம் திருத்திக்கொள்கிறோம். தெரியாத சொல்லாக இருந்தால்?

அன்று இரவு தூங்கவில்லை. காலையில் எங்கள் குழுவில் ஒருத்தி சொன்னாள்: “ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 0, 1, 0, 1 என்று மாற்றி மாற்றி ஒரு பிட் வைப்போம். அதே எண் மறுபடி வந்தால் பழையது. பதில் மட்டும் கொடுத்துவிட்டு எழுத்தைத் தள்ளிவிடலாம்.” மேடம் கரும்பலகையில் டிசிபி தலைப்பை வரைந்து, அதில் 32 பிட் வரிசை எண் இருக்கும் கட்டத்தைக் காட்டினார். அந்தக் கட்டம் எங்களுடையது போல இருந்தது.

இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது. ‘ஹட்டி’ என்று அனுப்ப முடியவில்லை, எங்கள் பட்டியலில் ஹ இல்லை. பட்டியலை மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஐபி தலைப்பின் முதல் நான்கு பிட் ஏன் பதிப்பு எண்ணாக இருக்கிறது என்று இப்போது புரிகிறது. மற்றொன்றுக்கு விடை கிடைக்கவில்லை: கடைசி எழுத்துக்கு அவர்கள் கொடுத்த பதில் எங்களுக்கு வந்ததா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கிளம்பலாமா, கூடாதா?

பழைய தந்தி

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தந்தித் துறையில் இருந்தவன். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் தந்தியிலும் செய்திக்கு முன்னால் ஒரு தலைப்பு வரும். புறப்பட்ட அலுவலகம், நேரம், சொற்களின் எண்ணிக்கை. வாங்குபவர் எழுதி முடித்ததும் சொற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். இழவுச் செய்தியில் ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எண்ணாமல் கையெழுத்துப் போட்ட நாள் எனக்கு இல்லை. உங்கள் வகுப்பில் பிழைச் சரிபார்ப்பு என்று சொல்வது அதுதான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முழு விடை கிடையாது என்று என் மகன் சொல்கிறான். அவன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். இரண்டு குன்றுகளில் நிற்கும் இரண்டு தளபதிகள் கதை என்று இதற்கே ஒரு பெயர் இருக்கிறதாம். எத்தனை பதில் அனுப்பினாலும் கடைசிப் பதில் போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் மிஞ்சும்.

ஒரு வேண்டுகோள். சூரியன் சாய்ந்த பிறகு தேயிலைக்குள் காட்டெருமை இறங்கும். ஆறரைக்குள் முடித்துவிட்டு ஐந்து பேரும் சேர்ந்தே இறங்குங்கள்.

தேயிலைச்சரிவு, குன்னூர்

ஐயாவுக்கு நன்றி. நேரக் கட்டுப்பாட்டை இன்றே அறிவித்துவிட்டேன்.

தம்பி, கிளம்பலாமா என்ற கேள்விக்கு டிசிபி எடுத்த முடிவு: இணைப்பை முதலில் முடிக்கத் தொடங்கியவர், கடைசிப் பதிலைக் கொடுத்த பின்னும் சிறிது நேரம் அங்கேயே நிற்க வேண்டும். எதிர்முனை மறுபடி கேட்டால் மறுபடி பதில் சொல்ல வேண்டும். 1981-ஆம் ஆண்டின் ஆவணப்படி அது நான்கு நிமிடம். உங்கள் முடித்தல் முறையை நீங்களே வகுத்து, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கூடலூர் சாருக்கு: வரலாறு பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், அடுத்த வாரமே வகுப்பில் சொல்வேன். ஆனால் பிரவுசரில் எல்லாம் நன்றாக நடப்பதைத்தான் மாணவன் பார்க்கிறான். பொட்டலம் தொலைவதை அவன் பார்ப்பதே இல்லை, கீழே டிசிபி அதை மறைத்துவிடுகிறது. எங்கள் மாடியில் ஒளி மறைந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதற்காகத்தான் கீழிருந்து தொடங்கினேன்.

மூன்றாம் வாரத்தில் அதே 0, 1 முறையைப் பைத்தானில் யுடிபி மேல் எழுதினார்கள். லினக்ஸின் நெட்எம் வசதியைக் கொண்டு நூற்றுக்குப் பத்துப் பொட்டலத்தை வேண்டுமென்றே தொலைத்தோம், போய்வரும் நேரத்தை 40 மில்லிநொடி ஆக்கினோம். கோப்பு சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆமை வேகம். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் 1500 பைட்டை வெளியே தள்ள 1.2 மில்லிநொடி, பிறகு 40 மில்லிநொடி சும்மா நிற்க வேண்டும். தொலைவதைக் கணக்கில் எடுக்காமலேயே இணைப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூடப் பயனாகவில்லை. ஒரே நேரத்தில் முப்பத்தைந்து பொட்டலம் வழியில் இருந்தால்தான் இணைப்பு நிறையும் என்று அவர்களே கணக்குப் போட்டு, பதிலுக்குக் காத்திராமல் பல பொட்டலங்களை அடுத்தடுத்து அனுப்பும் சாளர முறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்து நெரிசல். இதற்கு நம் ஊர்ச் சாலையைவிடச் சிறந்த பாடம் இல்லை. மே மாதத்தில் ஊட்டியில் அறை இல்லை என்பது ஒரு சிக்கல், பர்லியாறு வழியில் வண்டி நகரவில்லை என்பது வேறொரு சிக்கல். பெறுபவரிடம் இடம் இருந்தும் பாதை நிறைந்திருக்கலாம். இதில் முன்னதைப் பெறுபவரே சாளர அளவாகச் சொல்லிவிடுகிறார். பாதையின் நிலையை யாரும் சொல்வதில்லை, தொலைந்துபோன பொட்டலத்தை வைத்து அனுப்புபவர்தான் ஊகிக்க வேண்டும். ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ், நுழைவதற்கு முன்பே கணக்கெடுக்கிறது. டிசிபியில் அப்படி ஒரு சோதனைச்சாவடி இல்லை, ஒவ்வொருவரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். 1986-இல் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. தொலைந்ததை எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்பி, இருந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் 400 கஜம், ஏறக்குறைய நம் மாடிக்கும் ஹட்டி மேட்டுக்கும் உள்ள தூரம். வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வைத்தான் நான்காம் செய்முறையாக எழுதப்போகிறோம்.

பூம்பாறைப் பூண்டு

கொடைக்கானல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் சுவிட்சே ஒன்றுதான், ரூட்டர் இல்லை. ரூட்டிங் (பொட்டலத்துக்கு வழி காட்டும்) செய்முறைக்கு என்ன செய்வது?

கூடலூர்க்காரன்

ஒரு மடிக்கணினி போதும். லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதியால் அதற்குள்ளேயே நான்கைந்து தனித்தனிக் கணினிகளை உருவாக்கி, மெய்நிகர் கேபிளால் இணைத்து, நடுவில் ஒன்றை ரூட்டர் ஆக்கலாம். பணம் எதுவும் ஆகாது.

மேடம், தொலைவதைக் கண்ணால் பார்த்தார்கள் என்று நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. அடுத்த பருவத்தில் பிரவுசரில் தொடங்கினாலும், இரண்டாம் வகுப்பிலேயே நெட்எம் போட்டுப் பக்கத்தைத் தடுமாற வைக்கப்போகிறேன். கோத்தகிரி அண்ணனின் 1464 கணக்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

மலை ரயிலை நீங்கள் வகுப்பில் பயன்படுத்துகிறீர்களா? நான் கோவையில் அதைத்தான் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது, கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை. குன்னூரில் டீசல் எஞ்சின் மாறுகிறது. ஊட்டிக்கு டிக்கெட் எடுத்தவர் கையில் இருப்பது அதே டிக்கெட். அதே போல, ஒரு ரூட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் ஈதர்நெட் தலைப்பு கழன்று புதியது ஏறுகிறது, ஐபி முகவரி கடைசி வரை அப்படியே போகிறது. முதல் முறை சொன்னபோதே பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

பழைய தந்தி

அம்மா, ஒரு யோசனை. என் வீடு வண்டிச்சோலைப் பக்கம், மேட்டில். மாடியில் நின்றால் உங்கள் கல்லூரி மாடியும் தெரியும், ஹட்டி மேடும் தெரியும். பள்ளத்தில் பனி தேங்கும்போது உங்கள் இருவருக்கும் இடையேதான் மறைகிறது, எனக்கு இரண்டு பக்கமும் சற்று நேரம் கூடுதலாகத் தெரியும். தந்தியில் நாங்கள் செய்தது போல வாங்கி, எழுதி, எண்ணிப் பார்த்து, அடுத்த முனைக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை ஐந்தரைக்கு நான் தயார்.

தேயிலைச்சரிவு, குன்னூர்

ஐயா, இதைவிட என்ன வேண்டும்! இரண்டு மாணவர்களை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.

தம்பி, இதுவரை எதிரில் ஒருவர்தான் இருந்தார், அதனால் யாருக்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. இனி மூன்று இடம். ஐயா வாங்கும் எழுத்து அவருக்கா, அடுத்த மேட்டுக்கா என்று அவருக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமைக்குள் தலைப்பை மாற்றி எழுதுங்கள்.

அருவங்காட்டு மாணவன்

எழுதிவிட்டோம் மேடம். அனுப்புபவருக்கு இரண்டு பிட், பெறுபவருக்கு இரண்டு பிட். கல்லூரி 00, ஹட்டி மேடு 01, ஐயா வீடு 10. மிச்சமிருக்கும் 11-ஐ எல்லோருக்கும் என்று வைத்திருக்கிறோம். அதை முதலில் ஆறு இருபதுக்கு அனுப்பப்போகிறோம், ‘இறங்குங்கள்’ என்று.